மாந்தோப்பில் கட்டிய ரோமாபுரி

ராஜபாளையத்துக்கு மேற்கே, அப்பா விட்டுப்போன மாந்தோப்புக்குள் ரோமாபுரிப் பிரபுவின் மாளிகையைக் கட்டிய ஒரே முட்டாள் நானாகத்தான் இருப்பேன். தூண்களின் தலையில் இலைக்கொத்து வைக்கச் சொல்லிப் படம் கொடுத்தேன். கொத்தனார் கையில் அது முட்டைக்கோஸாக முளைத்தது. ரோட்டில் போகிறவர்கள் கல்யாண மண்டபம் என்று நினைத்து வாடகை விசாரித்தார்கள்.

எல்லாம் இத்தாலிக்குச் சுற்றுலா போனதன் வினை. அங்கே வயல்வெளி நடுவே இடிந்த மாளிகை ஒன்றைக் காட்டினார்கள். வண்ணக்கல் பதித்த தரை, வெந்நீர்க் குளியலறை. பக்கத்திலேயே குடியானவர்கள் வாழ்ந்த ஊரின் மிச்சமும் இருக்கிறது, நடந்து போய்ப் பார்க்கலாம் என்றார் வழிகாட்டி. உடைந்த சட்டியும் கரிபிடித்த அடுப்புக்கல்லும்தானே, அது எங்கள் ஊரிலேயே கிடைக்கும் என்று சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்துவிட்டு, ஏசி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

எங்கள் தோப்பை ஒட்டியும் ஒரு சின்ன ஊர் உண்டு. அங்கேதான் சித்தி இருக்கிறாள். அப்பாவின் தம்பி மனைவி. அம்மா மில்லுக்கு ஷிப்ட் போன காலத்தில் எனக்குச் சோறு ஊட்டியவள். அந்த ஊர்க்காரர்கள் மெயின்ரோட்டுக்குப் போக எங்கள் தோப்புக்குள் ஒற்றையடிப் பாதை ஒன்று இருந்தது. மாளிகைக்குச் சுற்றுச்சுவர் எழுப்பியபோது பாதைக்காக அந்த இடத்தில் மட்டும் இடைவெளி விட்டிருந்தார்கள். போட்டோவில் அது பல் விழுந்த வாய்போலத் தெரிந்தது. பால்காய்ப்புக்கு முந்தின நாள் சாயங்காலம், சித்தியிடம்கூடச் சொல்லாமல் அடைக்கச் சொல்லிவிட்டேன்.

புதுவீட்டில் பொங்கும் முதல் பால் சித்தி வீட்டுப் பசுவின் பால், காய்ச்சுவதும் அவள் கைதான் என்று அஸ்திவாரம் போட்ட அன்றே பேசி வைத்திருந்தோம். விடியற்காலை முகூர்த்தம் நெருங்கியும் அவளைக் காணவில்லை. ஐயர் அவசரப்படுத்தினார். பாக்கெட் பாலை வெட்டி ஊற்றி, என் மனைவி பொங்க வைத்தாள்.

பந்தி தொடங்கிய பிறகு வந்தாள் சித்தி. கையில் தூக்குவாளி, கரண்டைக்கால்வரை சேறு. விருந்தாளிகள் முன்னால் என் வாய் சும்மா இருக்குமா?

"பக்கத்துல இருந்து வர இம்புட்டு நேரமா சித்தி? வழியில தூங்கிட்டியா?"

எல்லோரும் சிரித்தார்கள். சித்தியும் லேசாகச் சிரித்தாள். "இருட்டுல சுவரைத் தடவித் தடவிப் பாத்தேன்லே. வழியக் காணல" என்று சொல்லிவிட்டு, பாலைச் சமையல்காரரிடம் காப்பிக்குக் கொடுத்துவிட்டாள்.

அந்தப் பாலில் போட்ட காப்பியை நானும் குடித்தேன். தொண்டையில் இறங்கவில்லை என்று எழுதினால் எனக்குக் கொஞ்சம் மரியாதை மிஞ்சும். ஆனால் நன்றாகவே இறங்கியது. இன்னொரு டம்ளர்கூடக் கேட்டு வாங்கினேன். அதை நினைத்தால்தான் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

போன மாதம் சுவரை உடைத்து வழி விட்டேன். முதல் அடி நானே அடிப்பேன் என்று கடப்பாரையைப் பிடித்து, உள்ளங்கை கொப்புளித்ததுதான் மிச்சம். அந்தக் கையோடு சித்தி வீட்டு வாசலில் போய் நின்றேன். எந்தக் கேலிப்பேச்சும் வாயில் வரவில்லை. இனிமேல் தோப்பு வழியாகவே வரலாம் என்று மட்டும் சொன்னேன்.

மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை.

"சுத்திப் போயே பழகிருச்சுலே."