என் மூன்று கால் மேசைக்குத் தூத்துக்குடியில் விளிம்பு முளைத்தது

தூத்துக்குடிக்கு எதற்கெல்லாமோ போகிறார்கள். நான் முதன்முதலில் போனது ஒரு மேசையைப் பார்க்க. 1976, மார்ச் மாதம். சென்னையில் ஒரு ஆர்க்கிடெக்டிடம் உதவியாளனாக இருந்தேன். தூத்துக்குடியில் ஒரு கப்பல் கம்பெனி கட்டிய விருந்தினர் விடுதிக்குக் கட்டில், நாற்காலி எல்லாவற்றையும் அவரே வரைந்தார். நாற்காலிக்குப் பக்கத்தில் போடும் சின்ன மேசையை மட்டும் போனால் போகிறதென்று என்னிடம் விட்டார். மாதிரி பிடித்தால் பன்னிரண்டு செய்வார்கள். பிடிக்காவிட்டால் கடையில் வாங்கிப் போட்டுவிடுவார்கள். என் முதல் படைப்பின் தலையெழுத்து அவ்வளவுதான்.

எழும்பூரில் மாலை ஐந்தரைக்கு ரயில். இருபத்திரண்டு ரூபாய் டிக்கெட், ஏறக்குறைய அறுநூற்றைம்பது கிலோமீட்டர். மணியாச்சி ஜங்ஷனில் தூத்துக்குடிப் பெட்டிகளைப் பிரித்து மாட்டுவதற்குள் இரண்டு டீ குடித்துவிடலாம். மறுநாள் காலை பத்தரைக்கு வர வேண்டிய வண்டி பதினொன்றே முக்காலுக்கு வந்தது. ஸ்டேஷனிலிருந்து தோணி கட்டும் இடம் இரண்டு கிலோமீட்டர், சைக்கிள் ரிக்‌ஷாவுக்கு ஒரு ரூபாய்.

மேசையைத் தோணி கட்டுபவரிடம் கொடுத்ததற்குக் காரணம் உண்டு. நான் வரைந்த மூன்று கால்களும் வளைந்தவை. தோணியின் விலா மரங்களுக்கு இயல்பாகவே வளைந்த கிளைகளைத் தேடி எடுப்பவர்கள் இவர்கள். அவர்களில் ஒருவரான மிக்கேல் மேஸ்திரிக்கு வரைபடத்தைத் தபாலில் அனுப்பி, கப்பல் கம்பெனிக்கு மேசை என்று ஒரு வரியும் எழுதியிருந்தேன்.

கால்கள் அற்புதமாக வந்திருந்தன. பிறகு மேல்பலகையைப் பார்த்தேன். தாள் போல மெல்லிய ஓரம் கேட்டிருந்த இடத்தில், பலகையைச் சுற்றி விரல் உயரத்துக்கு ஒரு விளிம்பு. இது எதற்கு என்று கேட்டேன்.

"விளிம்பு இல்லாட்டா மொத அலையிலயே தம்ளர் கீழ போயிரும்லா தம்பி" என்றார்.

கட்டடத்துக்குள் போடும் மேசை என்று நான் சொன்னதும் அவர் முகம் சுண்டிவிட்டது. அவர் அதுவரை செய்த மேசையெல்லாம் தோணியில் ஏறிக் கடலுக்குப் போனவைதான். கப்பல் என்று எழுதி விடுதி என்பதை விட்டது நான். ஒரே பலகையில் குடைந்த விளிம்பு. சீவி எடுக்க அரை நாள் வேண்டும். கம்பெனி அதிகாரி மூன்று மணிக்கே விடுதிக்கு வந்து மேசையைப் பார்ப்பதாக இருந்தது.

வண்டி பிடித்து, ஒன்பது கிலோமீட்டர் தள்ளி இருந்த விடுதிக்கு மேசையோடு போனோம். வழியெல்லாம் நான் அந்த விளிம்பையே முறைத்துக்கொண்டு வந்தேன். மிக்கேல் மேஸ்திரி மேசையை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தார்.

அதிகாரி முன்பு கப்பலில் கேப்டனாக இருந்தவர். மேசையைச் சுற்றி வந்தார், விளிம்பைத் தடவினார், டீ வரவழைத்துத் தம்ளரை அதன்மேல் வைத்தார். "கரைக்கு வந்து ஆறு வருஷமாச்சு. இப்பவும் தம்ளரைப் பிடிச்சுக்கிட்டேதான் டீ குடிக்கேன்" என்று சிரித்தார். பிறகு, இந்த விளிம்பு யாருடைய யோசனை என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

என்னுடையது என்று சொல்ல வாயெடுத்துவிட்டேன், உங்களிடம் மறைப்பானேன். மேஸ்திரி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். இவருடையது என்றேன். பன்னிரண்டும் விளிம்போடு வேண்டும் என்றார் அதிகாரி.

தூத்துக்குடிக்குப் போகிறவர்களுக்கு இரண்டு விஷயம். வெயிலுக்கு முன், காலை ஏழு மணிக்கே கடற்கரைக்குப் போய்விடுங்கள். அங்கே ஏதாவது செய்யச் சொன்னால், அது எங்கே இருக்கப் போகிறது என்பதை முதலில் சொல்லுங்கள்.

மறுநாள் மேஸ்திரி பக்கத்தில் உட்கார்ந்து வரைபடத்தைத் திருத்தினேன். வடிவமைப்பு என்ற கட்டத்தில் என் பெயரோடு அவர் பெயரையும் எழுதினேன். பெருந்தன்மை ஒன்றும் இல்லை, நல்ல வயிற்றெரிச்சலோடுதான் எழுதினேன். அதற்குப் பிறகு எத்தனையோ கட்டடங்கள் என் பெயரில் மட்டும் வந்துவிட்டன. யாராவது என் வேலையைக் காட்டச் சொன்னால், முதலில் எடுப்பது இரண்டு பெயர் உள்ள அந்தத் தாளைத்தான்.