ஸ்விட்சை அணைத்தும் நிற்காத இன்ஜின்

போன ஞாயிற்றுக்கிழமை காலை, மாமல்லபுரம் தாண்டி ஒரு சவுக்குத் தோப்பின் ஓரத்தில், கையில் மொபைலைப் பிடித்தபடி மரம் மாதிரி நின்றிருந்தேன். எதிரே, கல்லெறிந்தால் படும் தூரத்தில், பைக் மாதிரி ஏறி உட்கார்ந்து ஓட்டும் ஒரு நாலு சக்கர ரேஸ் வண்டி அலறிக்கொண்டிருந்தது. அதை ஓட்டியவர் எப்போதோ ஆக்ஸிலேட்டரை விட்டுவிட்டார். ஸ்விட்சையும் அணைத்துவிட்டார்.

அது நிற்கவில்லை.

ஸ்விட்சை அணைத்தால் வண்டி நின்றுவிடும் – இதைவிட உறுதியான விஷயம் உலகத்தில் இருப்பதாக நான் அதுவரை நினைத்ததில்லை. நீங்கள் நினைத்திருக்கிறீர்களா?

கொஞ்சம் முன்னாலிருந்து சொல்கிறேன்.

என் தங்கை அமுதா செங்கல்பட்டில் பல் டாக்டர். அவள் கணவர் சேகர் கருங்குழிக்காரர். நெல் மூட்டை ஏற்றும் லாரிகள் வைத்திருக்கிறார். எனக்குத் தெரிந்தவரை இருவருக்கும் பொழுதுபோக்கு, டிவி சீரியலும் அதைப் பற்றிய சண்டையும்தான். படூரில் குடியிருக்கும் நான் அவர்கள் வீட்டுக்குப் போவது பொங்கலுக்கு, இல்லாவிட்டால் யாருக்காவது காது குத்தும்போது.

சில மாதங்களுக்கு முன் ஒரு நாள், சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்றேன். வீட்டில் ஆளில்லை. பின்னாலிருந்த லாரி ஷெட்டிலிருந்து ‘ங்ங்ங்’ என்று ஒரு சத்தம். பல் டாக்டரிடம் வாயைத் திறந்த எவருக்கும் முதுகுத்தண்டு சில்லிட்டுப் போகும் அதே சத்தம். எட்டிப் பார்த்தால், அமுதா. மாஸ்க், கண்ணாடி, கையுறை எல்லாம் வழக்கம்போல. வாயைப் பிளந்துகொண்டு படுத்திருந்ததுதான் மனிதர் இல்லை. ஒரு இன்ஜின் சிலிண்டர்.

“என்னடி பண்ற?”

“புகை வெளிய போற ஓட்டைய கொஞ்சம் ஒசத்துறேண்ணா. அப்பதான் ஸ்பீடு நல்லா ஏறும்.”

எனக்கு நாக்கு தன்னிச்சையாகக் கடைவாய்ப் பல்லைத் தேடிப் போனது. அதைக் குடைந்தவள் இவள்தான்.

“இது... கிளினிக்ல இருக்கிற அதே டிரில்லா?”

“ச்சே. அது வேற.” கொஞ்சம் யோசித்தாள். “இது பழசு. போன வருஷம் வரைக்கும் கிளினிக்ல இருந்துச்சு.”

நல்லவேளை. என் வாயிலிருந்து இன்ஜினுக்குப் போயிருக்கிறது. இன்ஜினிலிருந்து என் வாய்க்கு வரவில்லை.

கையைத் துடைத்துக்கொண்டே சேகர் வந்தார். “ரேஸு மச்சான். கடலோரமா மணல்ல ஓட்டுறது. வெளிநாட்டு வண்டின்னா டப்பு ஜாஸ்தி. அதான் பழைய பைக் இன்ஜின இட்டாந்து ஏத்திக்கினோம். ஓட்டுறது நானு. இன்ஜின் மொத்தம் உன் தங்கச்சி.”

டூ-ஸ்ட்ரோக் இன்ஜின் என்றால் எனக்கு நீலப் புகை மட்டும்தான் ஞாபகம். அமுதா அதை ஒரு பேஷண்ட் மாதிரி விளக்கினாள். நாம் இப்போது ஓட்டுகிற வண்டிகளைப் போல இதற்கு வால்வு கிடையாது. சிலிண்டர் சுவரில் இருக்கும் ஓட்டைகள்தான் எல்லாம். ஆயிலைப் பெட்ரோலோடு கலந்தே ஊற்ற வேண்டும். அதைவிட முக்கியம், எங்கேயும் வெளிக்காற்று உள்ளே புகக் கூடாது. புகுந்தால் காற்று கூடி, பெட்ரோல் குறைந்து, சூடு தலைக்கேறும்.

காற்று புகுகிறதா என்று கண்டுபிடிக்க அவள் என்ன கருவி வைத்திருந்தாள் தெரியுமா? பிபி மெஷின். நம் கையில் பட்டையைச் சுற்றிப் பார்ப்பார்களே, அதேதான். இன்ஜினின் வாய்களையெல்லாம் ரப்பரால் அடைத்து, ரப்பர் பந்தை அமுக்கிக் காற்றேற்றி, முள் இறங்குகிறதா என்று பார்ப்பாளாம். எங்கள் குடும்பத்தில் எந்த மனிதருக்கும் இவ்வளவு பொறுமையாக யாரும் பிபி பார்த்ததில்லை.

போன ஞாயிறுதான் அவர்களுடைய முதல் ரேஸ். யாரோ ஒரு நண்பரின் சொந்த நிலம். ஒரு பக்கம் சவுக்கு, ஒரு பக்கம் கடல், நடுவில் மணலை மேடும் பள்ளமுமாகக் குவித்து ஒரு பாதை. சுற்றி நின்று பார்க்க நல்ல கூட்டம். ரேஸுக்கு முன்னால் பழக்கத்துக்கு ஒரு ரவுண்டு விடுவார்கள். மச்சானை வீடியோ எடுக்கலாமென்று வளைவின் முனையில் போய் நின்றேன். அங்கே நிற்கக் கூடாது என்பது எனக்கும் என்னைச் சுற்றி நின்ற கூட்டத்துக்கும் தெரியாது.

சேகர் வந்தார். வளைவில் வேகத்தைக் குறைத்தார். சத்தம் இறங்க வேண்டும், இல்லையா? ஏறியது. விசில் மாதிரி ஏறிக்கொண்டே போனது. அவர் கிளட்சையும் பிரேக்கையும் சேர்த்துப் பிடித்து எங்கள் முன்னால் நிறுத்திவிட்டார். ஆனால் இன்ஜின் மட்டும் பேய் பிடித்த மாதிரி கத்துகிறது. அவர் ஸ்விட்சை அமுக்குவதும் மறுபடி அமுக்குவதும் தெரிகிறது.

“மச்சான், தள்ளிப் போ. கிளட்ச்சு கை வுட்டா மேல வந்துரும்.”

காதில் விழுந்தது. கால் கேட்கவில்லை. எனக்கு இரு பக்கமும் ஆட்கள் சிதறி ஓடினார்கள். ஹெல்மெட்டுக்குள் சேகரின் கண்கள் தெரிந்தன. கிளட்சைப் பிடித்த அவருடைய கை நடுங்கிக்கொண்டிருந்தது.

சிதறி ஓடிய கூட்டத்துக்கு எதிர்த் திசையில் ஓடிவந்தவள் ஒருத்திதான், அமுதா. வந்த வேகத்தில், வெயிலுக்காக நான் தோளில் போட்டிருந்த துண்டைப் பிடுங்கினாள். வண்டியின் பக்கவாட்டில் மண்டியிட்டு, ஏர் ஃபில்டரைக் கையால் பிய்த்து எறிந்துவிட்டு, இன்ஜின் மூச்சு வாங்கும் வாயில் துண்டைத் திணித்து உள்ளங்கையால் அழுத்தினாள். இன்ஜின் திணறியது. இருமியது. நின்றது.

அலைச் சத்தம் கேட்டது. கடல் அவ்வளவு பக்கத்தில் இருந்தது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

அமுதாவின் முழங்கைக்குக் கீழே சைலன்சர் பட்டு நீளமாகச் சிவந்திருந்தது. அவள் அதைப் பார்க்கக்கூட இல்லை. சேகரின் ஹெல்மெட்டைக் கழற்றி, முகத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தாள். அவ்வளவுதான்.

பிறகு கூட்டம் திரும்பி வந்தது. கூடவே காரணங்களும் வந்தன.

“கண்ணு பட்டுக்கீது.”

“பெட்ரோல்ல இன்னாவோ கலந்துட்டான்பா.”

“எலுமிச்சம்பழம் வைக்காம வண்டிய எடுத்தீங்களா?”

நம் ஊரில் ஒன்று தவறாகிவிட்டால் முதலில் காணாமல் போவது, செய்த ஆள்தான். கவனித்திருக்கிறீர்களா? பால் பொங்கிடுச்சு. கண்ணாடி உடைஞ்சிடுச்சு. ஃபைல் தொலைஞ்சிடுச்சு. நாம் யாரும் எதையும் செய்வதே இல்லை. எல்லாம் தானாக ஆகிவிடுகிறது. நானும்கூட, “டூ-ஸ்ட்ரோக்னாலே இப்படித்தான் போல” என்று என் பங்குக்குச் சொல்லிவைத்தேன்.

அமுதா எழுந்து நின்றாள். “கண்ணும் இல்ல, பெட்ரோலும் இல்ல. தப்பு என்னுது. உள்ள காத்து புகாம தடுக்கிற ஆயில் சீல் ஒண்ணு பழசு. மாத்தாம அதையே திரும்பப் போட்டேன். நேத்து கெளம்புற அவசரத்துல பிரஷரும் பாக்கல. அது வழியா காத்து புகுந்து, அந்தச் சூட்டுலயே ஸ்விட்ச் இல்லாம எரிஞ்சிருக்கு.”

இன்ஜின் அலறியபோதுகூட எனக்கு இவ்வளவு அதிர்ச்சி இல்லை. ஐம்பது பேர் இருப்பார்கள். அத்தனை பேர் எதிரில். யாரும் கேட்காதபோது. அவள் கையைப் பிடித்துத் தனியே இழுத்தேன்.

“ஏண்டி எல்லார் முன்னாடியும் சொல்ற? நீ ஒரு டாக்டர். நாளைக்கு கிளினிக்குக்கு எவன் வருவான்?”

“அவரு செத்திருப்பாருண்ணா. நீயும்தான்.” குரல் அங்கேதான் உடைந்தது. “வேற யாரோ தப்புன்னு எப்படிச் சொல்றது?”



அவள் காரிலிருந்து பிபி மெஷினை எடுத்து வந்தாள். இன்ஜினின் வாய்களை அடைத்தாள், காற்றேற்றினாள். முள் மளமளவென்று இறங்கியது. பக்கவாட்டு மூடியைக் கழற்றிச் சோப்புத் தண்ணீரைத் தெளித்ததும், காற்று கசிந்த இடத்தில் நுரை குமிழ் குமிழாகக் கிளம்பியது. சுற்றி நின்றவர்கள் ஒவ்வொருவராகக் குனிந்து பார்த்தார்கள்.

அவர்களில் ஒருவர் ஜேம்ஸ். அச்சரப்பாக்கத்தில் டிராக்டர் சாமான் கடை வைத்திருப்பவர், அன்றைக்கு சேகரோடு போட்டிக்கு வந்தவர். அவருடைய வண்டியிலும் இதே இன்ஜின்தான். தன் பெட்டியைக் கிளறி ஒரு புது சீலைக் கொண்டுவந்து நீட்டினார்.

“இந்தாம்மா, போடு. அண்ணாத்த ஓட்டாம நாங்க மட்டும் ஓட்டிக்கினு... நல்லா இருக்காது.”

அமுதா புது சீலைப் போட்டாள். மறுபடி காற்றேற்றினாள். முள் ஏறிய இடத்திலேயே நின்றது. சேகர் ஹெல்மெட்டை எடுத்தார். அவள் அதைப் பிடுங்கிக்கொண்டாள்.

“மொத ரவுண்டு நான்.”

“உனக்கு இன்னா தெரியும்? ஷெட்டாண்ட ஓட்டுனதுதான.”

“மெதுவாப் போவேன். நீங்க எறங்கி நில்லுங்க.”

சுடிதாரும், அவளுக்குப் பெரிய ஹெல்மெட்டுமாக என் தங்கை மணலில் போனாள். ஆட்டோவில்கூட ஓரமாக உட்காரப் பயப்படுகிறவள். ஒவ்வொரு திருப்பத்திலும் வேகத்தைக் கூட்டினாள், விட்டாள், சத்தம் இறங்குகிறதா என்று கேட்டாள். இறங்கியது. ஒவ்வொரு முறையும் இறங்கியது. ஆள் இல்லாத இடமாகப் பார்த்து நிறுத்தி ஸ்விட்சை அணைத்தாள். இன்ஜின் சட்டென்று அடங்கியது. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். மணல் விழுந்துவிட்டது என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னேன்.

அவள் ஹெல்மெட்டைக் கணவரிடம் நீட்டினாள். அவர் மாட்டிக்கொண்டு ஏறினார்.

ஜெயித்தார் என்று எழுத ஆசைதான். கடைசிக்கு முந்தின இடம். ஜெயித்தவர் ஜேம்ஸ்.

திரும்பும் வழியில் டீக்கடையில் நின்றோம். அமுதா காரிலேயே தூங்கிவிட்டாள். சேகரிடம் மெதுவாகக் கேட்டேன்.

“மாப்ள, தப்பு என்னுதுன்னு அவளே சொன்ன பிறகும் அந்த வண்டியில எப்படி ஏறுனீங்க? பயமா இல்ல?”

அவர் டீயை ஆற்றிக்கொண்டே சிரித்தார்.

“இத்தினி வருஷத்துல எத்தினி மெக்கானிக் கையில லாரிய வுட்டுக்கீறேன் மச்சான். ஒருத்தனாச்சும் ‘என் தப்பு’ன்னு சொல்லிக்கீறானா? அந்த லாரில எல்லாம் ஏறிக்கினுதான இருந்தேன். அத இப்ப நெனச்சாதான் கை நடுங்குது.”