கண்ணாடிமேல் குடியேற மறுத்தவர்கள்

எலும்புச் செல் வளர்க்கிற வேலையில் ஞாயிற்றுக்கிழமை கிடையாது. வீட்டில் நாயை வளர்த்துவிட்டு ஊருக்குப் போக முடியாமல் தவிக்கிறவர்களே, நம் கஷ்டம் ஒன்றுதான். உங்களுக்காவது அது வாலாட்டும்.

கசார்வாடி டைல்ஸ்

புனேயில் எங்கள் ஆய்வகத்தில், உடைந்த எலும்பின் இடைவெளியில் வைக்கிற கண்ணாடிப் பீங்கானைச் சோதிக்கிறோம். அது மெல்லக் கரைந்து கால்சியம் விடும். எலும்புச் செல்கள் அதைப் பற்றிக்கொண்டு வளர வேண்டும். கண்ணாடியைச் சட்டைப் பொத்தான் அளவு வில்லைகளாக்கி, கசார்வாடியில் ஒரு பட்டறை உலையில் சுட்டு வாங்குவோம். உலைக்காரர் ஷிண்டே அவற்றை உள்ளங்கையில் கொட்டிப் பார்த்துவிட்டு இந்தியில் கேட்டார்: “மேடம், இவ்வளவு சின்ன டைல்ஸ் யார் வீட்டு பாத்ரூமுக்கு?”

ரோஜா நிறம்

வில்லைகளை ஊட்டத் திரவத்தில் போட்டு, அன்றே செல்களையும் விடுவோம். காரம் ஏறினால் நிறம் மாறும் சாயம் அந்தத் திரவத்தில் உண்டு. திரவம் சிவப்பாகவே இருந்தால் சுகம். எங்களுடையது ஒவ்வொரு முறையும் மறுநாளே ரோஜா நிறமாகிவிடும். அத்தனை அழகு, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து மெய்மறந்து நின்றிருக்கிறேன். அர்த்தம் என்னவோ, சுண்ணாம்புத் தண்ணீர் போலக் காரத்தன்மை ஏறி, உள்ளே எல்லாம் செத்துவிட்டன என்பதுதான்.

இன்னொரு முறை செத்தால் திட்டத்தையே மூடிவிடுவதாக இயக்குநர் சொல்லிவிட்டார். எனக்கு வேறு வேலை கொடுப்பார்கள். உதவியாளர் செல்வி தற்காலிகம். திட்டத்தோடு அவளும் போய்விடுவாள். இங்கே புனே கட்கியில் பிறந்து, வீட்டில் மட்டும் தமிழ் பேசி வளர்ந்தவள். செல் வளர்க்கிற தட்டைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “அக்கா, இதுங்க பூரா கதம். அடுத்தது நான்தான்.”

கடக்வாஸ்லா புட்டா

மிச்சமிருந்த வில்லைகளை ஒரு மழைக்கால ஞாயிறு காலையில் திரவத்தில் போட்டோம். மாலையில் செல்களை விடுவதாக ஏற்பாடு. நடுவில் கடக்வாஸ்லா அணைக்குப் போய் சுட்ட சோளம், அங்கே அதற்குப் புட்டா என்று பெயர், வாங்கித் தின்றோம். தண்ணீர்மேல் மேகம் இறங்கி, அணை எது வானம் எது என்றே தெரியவில்லை. எனக்குத் திரும்ப மனமில்லை. திரும்பவும் முடியவில்லை, புனேயே காரோடு வந்திருந்தது. எங்கள் ஸ்கூட்டர் நுழையக்கூடச் சந்தில்லை. பின்னாலிருந்து செல்வி புலம்பினாள்: “அக்கா, நாம போறதுக்குள்ள லேப்பைப் பூட்டிடுவாங்க, என் வேலையையும் சேர்த்து!”

பச்சை

பூட்டித்தான் விட்டார்கள். திங்கள் காலை பார்த்தால், செல்லே விடாத திரவம் ரோஜா நிறம். வேறு வில்லை கிடையாது. திரவத்தை மட்டும் கொட்டிவிட்டு, அதே வில்லைகள்மேல் புதுத் திரவம் ஊற்றி, நடப்பது நடக்கட்டும் என்று செல்களை விட்டோம். சில நாள் கழித்தும் சிவப்பு மாறவில்லை. அப்போதுதான் உறைத்தது: புது வில்லை முதல் வேகத்தில் காரத்தைக் கக்கிவிட்டுத்தான் அடங்குகிறது. சுண்ணாம்பு அடித்த அன்றே குடிவரச் சொன்னால் யார் வருவார்கள்?

உயிருள்ள செல்கள் மட்டும் பச்சையாக ஒளிரும் சாயம் விட்டு, இருட்டறையில் நுண்ணோக்கியில் பார்த்தோம். இயக்குநரும் வந்திருந்தார். வில்லை முழுக்கப் பச்சை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. திட்டம் தொடரட்டும், செல்வியும் இருக்கட்டும் என்றார் இயக்குநர். அவள் நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்: “அக்கா, பாருங்க, எல்லாம் ஆராமா காலை நீட்டிப் படுத்திருக்குதுங்க!”

ஞாயிற்றுக்கிழமையே இல்லாத எங்கள் வேலையைக் காப்பாற்றியது, ஊர் சுற்றப் போய் வழியில் மாட்டிக்கொண்ட ஒரு ஞாயிற்றுக்கிழமைதான்.