பேசியவர்கள் பெயர்ப் பட்டியல்

செவ்வாய்க்கிழமை காலை பத்து இருபதுக்குத்தான் எல்லாம் கெட ஆரம்பித்தது. ஜெர்மனியில் பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தால் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று அர்த்தம். என் மகள் கயலுக்குக் காய்ச்சல் இல்லை. “உங்கள் மகள் கரும்பலகையில் எல்லோர் பெயரையும் எழுதிவிட்டாள். இரண்டு பேர் அழுகிறார்கள். மூன்று மணிக்கு வர முடியுமா?” என்றார் வகுப்பாசிரியை ஃபிராவ் லிண்டே.

நடந்தது இதுதான். வகுப்பறைத் தரைக்கு எத்தனை ஓடு வேண்டும் என்று நாலு நாலு பேராகப் பேசிக் கண்டுபிடிக்கச் சொல்லிவிட்டு, ஆசிரியை பக்கத்து அறைக்குப் போயிருக்கிறார். இங்கே பேசுவதுதான் பாடம். சத்தம் கேட்டதும் கயல் எழுந்துபோய், ஊரில் நான் வகுப்பு லீடராக இருந்ததைப் பெருமையடித்துச் சொல்லியிருந்தபடியே, பேசியவர்கள் பெயரை எழுதி, அடங்காதவர்களுக்குப் பெருக்கல் குறியும் போட்டுவிட்டாள். ஊரில் இருப்பவர்கள் சிரிக்கலாம். ஆனால் நாலாம் வகுப்புக்குப் பிறகு எந்தப் பிள்ளை எந்த வகைப் பள்ளிக்குப் போகலாம் என்று ஆசிரியர் எழுதும் கடிதம்தான் இங்கே தலையெழுத்து. கயலுக்கு அது அடுத்த வாரம். அதில் ‘மற்றவர்களோடு சேர்ந்து வேலை செய்வாளா’ என்று ஒரு வரி உண்டு.

மனைவிக்குப் போன் செய்தேன். “லீடர் கதைய தெனம் சோத்துக்கு ஊறுகா மாதிரி ஊட்டுனது யாரு? போ, நீயே போய் முட்டி போடு” என்றாள்.

கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்கும் ஆலைக்குப் பின்னால் இருந்த எங்கள் பள்ளியில் மூன்று வருடம் நான்தான் லீடர். அறுபது பேர், ஒரு வாத்தியார். அவர் டீ குடிக்கப் போனால் ஆட்சி என் கையில். “டேய் லீடரு, எம்பேர எய்துனே, மவனே, கேட்டாண்ட வா, வச்சிக்கிறேன்” என்பான் கடைசி பெஞ்சு ஏகாம்பரம். கொய்யாக்காய் கொடுத்தால் அழித்துவிடுவேன். அவனுக்கு வகுத்தல் கணக்கு கடைசிவரை வரவேயில்லை. பக்கத்தில் இருந்தவனைக் கேட்டிருந்தால் வந்திருக்கும். கேட்டிருந்தால் நான் பெயரை எழுதியிருப்பேன்.

மூன்று மணிக்கு, பிள்ளைகளின் குட்டி நாற்காலியில் முழங்கால் நெஞ்சில் இடிக்க உட்கார்ந்தேன். அந்தக் கடிதம் மேசைமேல் இருந்தது. அந்த வரி மட்டும் காலி. “எத்தனை நாள் வெளியே நிற்க வைப்பீர்கள்?” என்று பணிவாகக் கேட்டேன். “வெளியே குளிராயிற்றே, எதற்கு?” என்றார் ஆசிரியை. பிறகு அதே தரை ஓட்டுக் கணக்கை என் முன்னால் வைத்து, “கயல் பாட்டு வகுப்பிலிருந்து வருவாள், சேர்ந்து செய்யுங்கள்” என்றார். ‘சேர்ந்து’ என்பது என் காதில் ஏறவில்லை. வலது கை கணக்கைப் போட ஆரம்பித்தது. இடது கை தானாகத் தாளின்மேல் கவிந்து மறைத்துக்கொண்டது. காட்டினால் இருவருக்கும் அடி விழுந்த பள்ளியில் படித்த கை அது. வலது கை ஜெர்மனியில் சம்பளம் வாங்குகிறது. இடது கைக்கு இன்னும் விசா வரவில்லை. ஆசிரியை அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வேர்த்தது. இதை எழுதும்போதும் வேர்க்கிறது.

கயல் வந்தாள். காலையில் ஆசிரியை அவளிடம் என்ன பேசியிருந்தாரோ, ஒரு நாற்காலியை இழுத்து என்னை ஒட்டி உட்கார்ந்து, என் இடது மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கினாள். ஆசிரியை கடிதத்தை அருகில் இழுத்துப் பேனாவைத் திறந்தார்.

“இன்னா நைனா, மறச்சிக்கினு கீற? கைய எடு. இங்க பாத்தா யாரும் அடிக்கமாட்டாங்க. தப்பா வேற போட்டுக்கினு கீற. தா, சேந்து போடலாம்.”