சொன்ன வாயே திருத்த வேண்டும்

எங்கள் வானொலி நிலையத்தை முன்பு நடத்திய மேடத்தைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதித் தரும்படி நிலையத்துக்குச் சொந்தமான அறக்கட்டளையிலிருந்து கேட்டிருந்தார்கள். ஆண்டு மலரில் போடுவார்களாம். நாலு வார்த்தையோடு நிறுத்த என்னால் முடியவில்லை. எழுதினால் முழுவதையும்தான் எழுத வேண்டும். முழுவதையும் எழுதினால் அவர்கள் போட மாட்டார்கள். அதனால் மலருக்கு வாழ்த்து மட்டும் அனுப்பிவிட்டு, மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

நிலையம் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். கொல்லிமலையில் ரோட்டோரம் இரண்டு அறை, மேலே ஒரு கம்பம், அவ்வளவுதான். ஒரு அறையின் சுவர் முழுக்க எதிரொலிக்காமல் இருக்க முட்டை அட்டை ஒட்டியிருக்கும், அது ஸ்டூடியோ. மற்றொன்றில் மேடம் இருப்பார். கீழே ஏதோ பெரிய வானொலியில் காலமெல்லாம் செய்தி வாசித்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றவர்கள் பேரப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திரிவார்கள், கோயில் குளம் என்று போவார்கள். இந்த அம்மாள் எங்கள் நாக்கைத் திருத்துவதற்கென்று அத்தனை கொண்டை ஊசி வளைவையும் தாண்டி மலையேறி வந்துவிட்டார்.

அவரோடு வேலை செய்வது பல்வலியோடு குடித்தனம் நடத்துவதைப் போன்றது. வளையல் போட்டுக்கொண்டு மைக் முன்னால் உட்காரக் கூடாது. கிழங்கு தின்றுவிட்டு வந்து பேசக் கூடாது, வாய் ஒட்டுவது கேட்கிறதாம். நாற்காலி முனகினால் நாற்காலியை விட்டுவிட்டு உட்கார்ந்தவரைத் திட்டுவார். நான் வாசித்ததைத் திரும்பப் போட்டுக் கேட்டுவிட்டு, "இதுல செய்தியவிட உன் மூச்சுதாம்மா அதிகமா இருக்கு" என்பார். செத்துப்போனால்தான் மூச்சில்லாமல் வாசிக்க முடியும் என்று ஒருநாள் முணுமுணுத்தேன். அதுவும் அவர் காதில் விழுந்துவிட்டது. அந்தக் காதை எங்கே செய்தார்களோ தெரியவில்லை.

எல்லாவற்றிலும் கொடுமையானது அவருடைய திருத்தச் சட்டம். தப்பாக ஏதாவது சொல்லிவிட்டால், சொன்ன வாயே திருத்த வேண்டும். வேறு யாரும் வாசிக்கக் கூடாது. "சில தவறுகள் நேர்ந்துவிட்டன" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லக் கூடாது. நான் ஒருமுறை அவசரத்தில் மழையை 'மளை' என்று சொல்லித் தொலைத்தேன். மறுநாள் மைக்கைத் திறந்து, "நேற்று மளை என்று சொன்னேன், அது மழை, வருந்துகிறேன்" என்று நானே சொல்ல வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு பஸ்ஸில் ஏறினாலும் ரேஷன் கடைக்குப் போனாலும், "ஏங் கண்ணு, இன்னைக்கு மளை வருமா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். பெண் கேட்டு வந்தவர்கள்கூட அதைத்தான் முதலில் கேட்டார்கள். மேடத்தை நான் மனசார வெறுத்தேன்.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் என் வாயையும் யாராவது திருத்த வேண்டிவரும். அவர் வந்த பிறகுதான் மலைக்காரர்கள் எங்கள் ரேடியோவை நம்பத் தொடங்கினார்கள். எல்லா ஊருக்கும் ரோடு போட்டாயிற்று என்று ஓர் அதிகாரி எழுதிக்கொண்டு வந்தார். எந்தெந்த ஊர், பேரைச் சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன் என்றார் மேடம். அதிகாரிக்கு ஒரு பேரும் வாயில் வரவில்லை. செய்தியும் வரவில்லை. ஆதிவாசிக் குரலைப் பதிவு செய்கிறோம் என்று தொப்பியும் தண்ணீர் பாட்டிலுமாக வந்த நகரத்துப் பிள்ளைகளிடம், குரல் இங்கே எல்லோருக்கும் இருக்கிறது, முதலில் என்ன கேட்கப்போகிறீர்கள் என்பதைச் சொல்லுங்கள் என்றார். மழை வரும் என்று நாங்கள் சொன்னால், வானம் பளிச்சென்று இருந்தாலும் என் அம்மா களத்தில் காயப்போட்ட மிளகை அள்ளிவிடுவாள். அப்படி ஒரு நம்பிக்கை.

அந்த நம்பிக்கைதான் என் தங்கையின் கல்யாணத்துக்கு உலை வைக்கப் பார்த்தது.

விடியற்காலையில் முகூர்த்தம். முந்தின நாள் லீவு கேட்டேன். கல்யாணம் நாளைக்குத்தானே, இன்றைக்கு உனக்கு என்ன வேலை என்றார் மேடம். தங்கைக்கு அக்கா என்று ஒருத்தி இருந்தால் பந்தக்காலிலிருந்து பருப்பு வரைக்கும் அவள் தலையில்தான் விழும் என்பது அவருடைய பெரிய வானொலியில் சொல்லித்தரப்படவில்லை போலிருக்கிறது. மஞ்சள் பூசிய முகத்தோடு வந்து உட்கார்ந்தேன்.

மதியச் செய்திக்குக் கொஞ்சம் முன்னால் செல்போனில் தகவல் வந்தது. தில்லியில் வயதான தலைவர் ஒருவர் காலமாகிவிட்டார். மேடத்தின் முகத்தில் ஒரு களை வந்தது. பெரிய சாவுகளை வாசித்துப் பழகியவர் அல்லவா? என்னை எழுந்திருக்கச் சொன்னார்.

"சாவுச் செய்தி வாசிக்கிற குரல் இல்லம்மா இது. கல்யாண வீட்டுக் குரல். நீ மிக்ஸரப் பாரு."

குரலை ஏற்றி இறக்குகிற அந்தப் பெட்டிப் பக்கம் நகர்ந்தேன். இங்கே வந்த நாளிலிருந்து அவர் மைக் முன்னால் உட்கார்ந்தது அபூர்வம். வளையலைக் கழற்றி மேசையில் வைத்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். "நாட்டின் மூத்த தலைவர் இன்று காலமானார்" என்றார். பிறகு நிறுத்தினார். தலைப்பில் பெயர் வரக் கூடாது, சாவைச் சொன்னதும் ஒரு நிதானம் விட வேண்டும், கேட்கிறவர் மனசு அதில் இறங்க வேண்டும், அதற்குப் பிறகுதான் பெயர். இந்தப் பாடத்தை எங்களுக்கு எத்தனையோ தடவை நடத்தியிருக்கிறார். அந்த நிதானத்துக்கு நடுவில் கரண்ட் போய்விட்டது.

வெளியூர்க்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் மலையில் நாடு என்றால் இந்தியா இல்லை. எங்களுடையது குண்டூர் நாடு, பக்கத்தில் எடப்புளி நாடு, இப்படி மலையே பல நாடு. ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு பெரியவர் உண்டு. கோயில் காரியம், கல்யாணக் காரியம் எதுவும் அவர் வாக்கு இல்லாமல் நடக்காது. அவர் தவறிவிட்டால் சாவுக் காரியம் முடிகிற வரைக்கும் அந்த நாட்டில் யாரும் தாலி கட்ட மாட்டார்கள். எங்கள் குண்டூர் நாட்டுப் பெரியவருக்கு நல்ல வயதாகியிருந்தது.

முதலில் அம்மாவிடமிருந்து போன் வந்தது. பெரியவர் போய்விட்டாராமே என்று எங்கள் நாட்டு ஆட்கள் கோடித்துணியோடு வந்துகொண்டிருக்கிறார்களாம். பெரியவரோ எங்கள் பந்தலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருக்கிறாராம். அழுதுகொண்டு வருகிறவர்களைக் கெட்ட கெட்ட வார்த்தையால் வைது அனுப்புகிறாராம். இதுவரைக்கும் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அடுத்து அம்மா சொன்னதில் சிரிப்பு நின்றுவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் வந்த வேன் பாதி வழியில் திரும்பிவிட்டது.

மாப்பிள்ளை வீட்டார் எங்கள் ஆட்கள்தான், எப்போதோ மலையிலிருந்து இறங்கிப் புளியஞ்சோலைப் பக்கம் தங்கிவிட்டவர்கள். இறங்கிப் போனவர்களுக்கு எங்களைவிட வழக்கம் அதிகம். அப்பா போன் போட்டுப் பெரியவர் உயிரோடு இருக்கிறார் என்றார், நம்பவில்லை. பெரியவரையே பேசச் சொன்னார். மாப்பிள்ளையின் பெரியப்பா அதற்குச் சொன்ன பதில் இன்றைக்கும் எங்கள் வீட்டில் பேச்சு.

"ஏனுங்க, குரல யாரு வேணும்னாலும் மாத்திப் பேசலாமுங்க. அந்த ரேடியோக்காரம்மா இதுநாள் வரைக்கும் பொய் சொன்னதில்லீங்க."

பெரியவரைப் போட்டோ எடுத்து அனுப்பினோம். போன வருசத்துப் போட்டோ என்றார்கள். சாவை மறைத்துத் தாலி கட்டப் பார்க்கிற குடும்பம் என்று முடிவே கட்டிவிட்டார்கள். அப்படி ஒரு பேச்சு எழுந்துவிட்டால் இந்த மாப்பிள்ளை மட்டுமில்லை, வேறு எந்த மாப்பிள்ளையும் என் தங்கைக்கு வர மாட்டான். போனில் பின்னால் அவள் அழுகிற சத்தம் கேட்டது.

நான் மேடத்தின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். மரியாதையாகச் சொல்லவில்லை. அவர் மதியம் வாசித்த தாளை எடுத்துப் பார்த்துவிட்டு, வாக்கியத்தில் பிழை ஒன்றுமில்லையே என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தத் தாளைப் பிடுங்கிக் கிழித்திருப்பேன். "மேடம், எங்களுக்கு நாடுன்னா குண்டூருங்க" என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். அவருடைய புகழ்பெற்ற நிதானங்கள் எல்லாவற்றையும்விட நீளமான ஒரு நிதானம் அப்போது வந்தது.

அதற்குள் விஷயம் அறக்கட்டளைச் செயலாளர் காதுக்குப் போய்விட்டது. நகரத்திலிருந்து பேசினார். போன் ஸ்பீக்கரில் இருந்ததால் எனக்கும் கேட்டது. மின்தடையால் தொழில்நுட்பக் கோளாறு ஏற்பட்டது, வருந்துகிறோம், இந்த அளவில் ஓர் அறிவிப்பு போதும் என்றார். தவறு என்ற சொல் வாயில் வரவே கூடாதாம். உரிமம் புதுப்பிக்கிற நேரமாம். மேடத்தின் பணி நீட்டிப்புக் காகிதமும் தன் மேசையில்தான் இருக்கிறது என்பதைக் குழைந்து குழைந்து ஞாபகப்படுத்தினார். தேன் ஒழுகும் பேச்சு. ஜெனரேட்டருக்கு டீசல் வாங்கிக்கொடுங்கள் என்று நாங்கள் கரடியாய்க் கத்தியபோதெல்லாம் காது கேட்காத அதே மனிதர்தான். டீசல் இருந்திருந்தால் அடுத்த மூச்சில் தலைவரின் பெயர் போயிருக்கும், இந்தக் கூத்தே நடந்திருக்காது.

மேடம் போனை வைத்தார். கோளாறு என்று அறிவித்தால் மாப்பிள்ளை வீட்டார் நம்ப மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். பெரியவர் சாகவில்லை என்று வேறு யார் சொன்னாலும் நம்ப மாட்டார்கள். அவர் சாகவில்லை, சொன்னது தப்பு என்று இந்த அம்மாளே சொல்ல வேண்டும். சொல்ல மாட்டார் என்றுதான் நினைத்தேன். சொன்ன வாயே திருத்த வேண்டும் என்ற சட்டமெல்லாம் என்னைப் போன்ற வாய்களுக்குத்தான், பெரிய வாய்களுக்கு எப்போதும் ஒரு தொழில்நுட்பக் கோளாறு கிடைத்துவிடும் என்று வயிறெரிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பொழுது சாய்கிற நேரத்தில் கரண்ட் வந்தது. மேடம் எழுந்து ஸ்டூடியோவுக்குள் வந்தார். மறுபடியும் வளையலைக் கழற்றினார். கையில் தாள் இல்லை.

"மதியம் ஒரு செய்தி வாசித்தேன். தில்லியில் ஒரு தலைவர் காலமானார் என்பதுதான் அது. நாடு என்ற சொல்லுக்கு இந்த மலையில் என்ன பொருள் என்று, இத்தனை காலம் உங்கள் சோற்றைத் தின்றும் நான் யோசிக்கவில்லை. குண்டூர் நாட்டுப் பெரியவர் நலமாக இருக்கிறார். நாளைக் காலையில் ஒரு கல்யாணத்தில் தாலி எடுத்துக் கொடுக்கப்போகிறார். தவறு என்னுடையது. கரண்ட்டினுடையது அல்ல. வருந்துகிறேன்."

கரண்ட்டினுடையது அல்ல என்றது செயலாளருக்குச் சொன்னது. நான் மிக்ஸரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். மைக் அணைந்ததும் மேடம் என் பக்கம் திரும்பி, தன் குரலை நான் கொஞ்சம் ஏற்றி வைத்துவிட்டேன் என்று குறை சொன்னார். பிறகு வீட்டுக்குப் போகச் சொன்னார். நாளைக்கு மட்டும்தான் லீவு, மறுநாள் வந்துவிட வேண்டும் என்பதையும் மறக்காமல் சேர்த்துக்கொண்டார்.

புளியஞ்சோலைப் பக்கம் எங்கள் நிலையம் கொரகொரவென்றுதான் எடுக்கும். ஆனாலும் எடுத்திருக்கிறது. நான் வீடு போய்ச் சேர்வதற்குள் மாப்பிள்ளையின் பெரியப்பா அப்பாவுக்குப் போன் போட்டிருந்தார்.

"அந்தம்மாளே தப்புன்னு சொல்லிருச்சுங்க. அதுக்குமேல என்னங்க இருக்குது? நாங்க வாரமுங்க."

கல்யாணம் நடந்தது. பெரியவர் செத்துப் பிழைத்தவராட்டம் மிதப்பாகத் தாலி எடுத்துக் கொடுத்தார். மேடம் வரவில்லை. எனக்குப் பதிலாகக் காலைச் செய்தியை அவர்தான் வாசித்துக்கொண்டிருந்தார், பந்தலில் கேட்டது.

நீட்டிப்புக் காகிதம் செயலாளர் மேசையிலிருந்து மலையேறவில்லை. சால்வை மட்டும் ஏறி வந்தது. அதைப் போர்த்திவிட்டு, நேர்மையின் சிகரம் என்று செயலாளர் பேசினார். 'சிகரம்' என்பதை அவர் 'சிகறம்' என்று சொன்னார். மேடம் என்னைப் பார்த்தார். நான் மேடத்தைப் பார்த்தேன். இருவரும் வாயைத் திறக்கவில்லை. மறுநாள் காலை பஸ்ஸில் அவர் இறங்கிப் போனார்.

இப்போது ஒரு நல்ல மனிதர் பொறுப்பில் இருக்கிறார். சிரித்த முகம். கேட்டால் லீவு, கேட்காவிட்டாலும் லீவு. வளையல் போடலாம், கிழங்கு தின்னலாம், யாரும் மூச்சை எண்ணுவதில்லை. எங்கள் நிலையத்தில் தவறே நடப்பதில்லை, அவ்வப்போது தொழில்நுட்பக் கோளாறுகள் மட்டும் ஏற்படுகின்றன. அவற்றுக்கு வருந்துகிறோம் என்று ஒரு முறை பதிவு செய்து வைத்திருக்கிறோம். தேவைப்படும்போது போட்டுக்கொள்கிறோம்.

போன மாதம் ஒருநாள் மதியத்துக்கு மேல் மழை வரும் என்று நான்தான் வாசித்தேன். ழகரமெல்லாம் சுத்தமாக வந்தது. சாயங்காலம் வீட்டுக்குப் போனால் களத்தில் மிளகு தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தது. ரேடியோ கேட்கவில்லையா என்று அம்மாவைக் கேட்டேன். கேட்டேன் கண்ணு, ரேடியோதானே சொல்லுச்சு என்றாள்.