ஓசி மென்பொருளும் அந்தோனி அண்ணையின்ரை ஆட்டமும்

அழிச்சதைத் தேடி எடுக்கிறது தான் என்ரை தொழில். போன், கம்பியூட்டர், மெமரி காட் எதுவெண்டாலும் தோண்டிப் பாத்து, கண்டதைக் கோட்டிலை சாட்சியா வைக்கிறனான். கோப்பாயிலை வீட்டு முன்னறை தான் என்ரை கந்தோர். பாவிக்கிறது முழுக்கத் திறந்த மூல மென்பொருள், அதாவது உள்ளை என்ன எழுதியிருக்கு எண்டு ஆரும் பாக்கலாம், ஆரும் காசில்லாமல் இறக்கலாம். ஓசிச் சாமானோடை வேலை செய்யிற ஆளுக்கு என்ன மரியாதை எண்டு இந்தத் தொழிலிலை கிடந்து மாயிற உங்களுக்கும் தெரியும் தானே.

அலம்பித் துடைச்ச காட்

குருநகர் அந்தோனி அண்ணை கடலுக்குப் போறவர். பருத்தித்துறையிலை ஒரு படகு எஞ்சினைக் களவெடுத்தவர் எண்டு பிடிச்சு மறியலிலை போட்டாச்சு. களவு நடந்த நேரம் அவர் குருநகரிலை கோயில் பெருநாளிலை நிண்டவர். சாட்சி சொல்ல வந்தவை எல்லாரும் சொந்தக்காரர், அதாலை ஒருத்தரும் நம்பேல்லை. போனிலை படம் கிடக்கு எண்டு மறியலுக்குள்ளை இருந்து சொல்லி விட்டார்.

அவரின்ரை மனுசி றெஜினா அக்கா போனைக் கொண்டு வந்தா. திறந்தால் மெமரி காட்டிலை ஒரு படமும் இல்லை! விருந்தாளி வர முன்னம் வீடு கூட்டிற மாதிரி, என்னட்டைத் தர முன்னம் எல்லாத்தையும் அழிச்சுப் போட்டு வந்திருக்கிறா. "ஏனக்கா?" எண்டு கத்தியே போட்டன்.

"குடிச்சிட்டு, சாரத்தை மடிச்சுக் கட்டிக்கொண்டு ஆடுற படங்கள், பிள்ளை. ஒரு பொம்பிளைப் பிள்ளை பாக்கப் போற சாமானை அப்பிடியே ஊத்தையாத் தரலாமோ?"

சும்மா கிடைக்கிற சாமான்

அழிச்சாலும், அதுக்கு மேலை வேறை ஒண்டும் பதியாத வரைக்கும் படம் காட்டிலை கிடக்கும். ஒண்டும் புதுசா எழுதுப்படாத மாதிரிக் காட்டைப் பூட்டி, முழுசா ஒரு பிரதி எடுத்து, பிரதியிலை தான் தேடினன். வந்துது! பாண்ட் வாத்தியத்துக்குப் பின்னாலை, சேட்டும் இல்லாமல், கையிலை போத்தலோடை அந்தோனி அண்ணை. எடுத்த நேரமும் இடமும் படத்துக்குள்ளையே இருந்தது: களவு நடந்த அதே நேரம், குருநகர். கதிரையை விட்டு எழும்பித் துள்ளினன்.

கோட்டிலை எதிர்ப்பக்கச் சட்டத்தரணி என்னை மேலும் கீழும் பாத்துச் சிரிச்சார். கோதாரி விழுந்த சிரிப்பு.

"இன்ரர்நெட்டிலை சும்மா கிடைக்கிற சாமானைக் கொண்டு வந்து எங்களை நம்பச் சொல்லுறியளோ, தங்கச்சி?"

எல்லாரும் பாருங்கோ

எனக்குப் பத்திக்கொண்டு வந்திட்டுது. "ஓம் ஐயா, சும்மா தான்" எண்டு நீதவானைப் பாத்துச் சொன்னன். "விலை குடுத்து வாங்கிறதின்ரை வயித்துக்குள்ளை என்ன நடக்குது எண்டு விக்கிறவனுக்கு மட்டும் தான் தெரியும். இதை ஆரும் திறந்து பாக்கலாம். என்னை நம்ப வேண்டாம். அசல் காட் இந்தா கிடக்கு. எதிர்ப்பக்க நிபுணரே கொண்டு போய், என்ரை மென்பொருளாலையும் பாக்கட்டும், தங்கடை விலை கூடினதாலையும் பாக்கட்டும்!" நீதவான் சம்மதிச்சார். வெளியிலை வந்தவுடனை எங்கடை சட்டத்தரணி, உவ்வளவு வாய் தேவையோ எண்டு ஏசினார். தேவை தான்.

அடுத்த வழக்குத் தவணை. அவையின்ரை நிபுணர் நேர்மையான மனுசன். ரண்டிலையும் அதே படம், அதே நேரம், அதே இடம் எண்டு ஒளிக்காமல் சொன்னார். படத்தைத் திரையிலை போட்டினம். பின் வாங்கிலை இருந்த ஆரோ கெக்கட்டம் விட்டுச் சிரிச்சினம். றெஜினா அக்கா சீலைத் தலைப்பாலை முகத்தை மூடிக்கொண்டு குனிஞ்சா. எனக்கு நெஞ்சு வெந்து போச்சு. மனுசி மறைக்கப் பாடுபட்டதை நான் தான் ஊருக்குக் காட்டிப் போட்டன். எதிர்ப்பக்கச் சட்டத்தரணி அப்பவும் விடேல்லை. அக்காவைச் சாட்சிக் கூட்டிலை ஏத்தி, உந்தக் கோலத்திலை நிக்கிறது உங்கடை மனுசன் தானோ, வடிவாப் பாத்துச் சொல்லுங்கோ எண்டார்.

அக்கா தலைப்பை எடுத்து இடுப்பிலை செருகினா. நிமிந்து திரையைப் பாத்தா, பிறகு சட்டத்தரணியைப் பாத்தா.

"ஓம், அது என்ரை மனுசன் தான். குடிச்சவர், ஆடினவர், அதை நான் வீட்டை வைச்சுப் பாத்துக்கொள்ளுறன். ஆனால் அவர் களவெடுக்கேல்லை!"

ஓசி மென்பொருள் அந்தோனி அண்ணையை மறியலிலை இருந்து மீட்டுப் போட்டுது. றெஜினா அக்காவிட்டை இருந்து மீட்கிறதுக்கு எவ்வளவு விலை குடுத்தாலும் ஒண்டும் வாங்கேலாது.