பெயரைச் சொல்லி ஜெபித்தேன்

ஒரு பிள்ளை என்னை நம்பிச் சொன்னதை நான் நாலு பேருக்குச் சொல்லிவிட்டேன். ஜெபம் என்று நினைத்துத்தான் சொன்னேன். அதனால் அவள் உயிரே போகப் பார்த்தது. ஆண்டவர் காப்பாற்றினார். சபையில் எழுந்து நின்று பேச எனக்குக் கூச்சம். அதனால் எழுதிக் கொடுக்கிறேன். எஸ்டேட் தோட்டப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரைதான் படித்தவள். தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கிள்ளானில் ஓர் இடைநிலைப் பள்ளிக் கேண்டீனில் பதினோரு வருடமாகத் தட்டு கழுவுகிறேன். போன வருடம் மூன்றாம் படிவம் படிக்கும் பதினைந்து வயதுப் பிள்ளை ஒருத்தி ஓய்வு நேரத்தில் சமையற்கட்டுக்குப் பின்னால் வர ஆரம்பித்தாள். அவள் பெயரை இந்தத் தாளில் எழுத மாட்டேன். காலியான தண்ணீர்ப் போத்தல் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, எனக்குப் பக்கத்தில் உட்காருவாள். சாப்பிட மாட்டாள். நான் ஒன்றும் கேட்டதில்லை. எனக்குப் பேச்சு வராது. அதனால்தான் என்னிடம் வந்தாளோ என்னவோ. கொஞ்ச நாளில் அவளாகவே கரண்டிகளைத் துடைத்துக் கொடுக்கப் பழகிவிட்டாள்.

ஜூலை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. கரண்டியைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"தூக்கமே வரமாட்டேங்குது ஆன்டி. நான் இல்லாமப் போயிட்டா அம்மாவுக்கு ஒரு கவலை கொறையும்னு தோணிக்கிட்டே இருக்கு. யார்கிட்டயும் சொல்லாதீங்க."

"ஜெபம் பண்ணும்மா, எல்லாம் சரியாயிரும்" என்றேன். மணி அடித்தது. போய்விட்டாள்.

பள்ளியில் பிள்ளைகளின் மனக்கஷ்டத்தைக் கேட்பதற்கென்றே ஒரு கவுன்சலிங் டீச்சர் இருக்கிறார். மலாய்க்காரர். தினமும் பத்து மணிக்கு ஆசிரியர்களுக்குத் தேநீர்த் தட்டு எடுத்துப் போகிறவள் நான். அவர் அறையைத் தாண்டித்தான் போக வேண்டும். அன்றைக்கே அந்தக் கதவைத் தட்டியிருக்கலாம். தட்டு கழுவுகிறவளுக்கு இதெல்லாம் என்ன வேலை என்று கேட்டுவிடுவாரோ என்று பயம். தட்டவில்லை.

வியாழக்கிழமை ஒரு சகோதரி வீட்டில் பெண்கள் ஜெபக்கூட்டம். ஜெபக் குறிப்பு கேட்டால் என் முழங்கால் வலியைத் தவிர எனக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது. அன்றைக்கு இந்தப் பிள்ளையைப் பற்றிச் சொன்னேன். கூட்டம் நடத்துகிற அக்கா, "பேரச் சொல்லுங்க சிஸ்டர். பேரச் சொன்னாத்தான் பாரத்தோட ஜெபிக்க முடியும்" என்றார். பெயரைச் சொன்னேன். படிவத்தையும் பள்ளியையும் சொன்னேன். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். மறைக்காமல் எழுதுகிறேன், அது எனக்குக் கொஞ்சம் பிடித்திருந்தது. இத்தனை வருடத்தில் நான் பேசி யாரும் அப்படிக் காது கொடுத்துக் கேட்டதில்லை.

கூட்டம் முடிவதற்குள் அது எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஏறிவிட்டது. அங்கிருந்து யார் யாருக்குப் போனதோ தெரியாது.

திங்கட்கிழமை ஓய்வு நேரத்தில், வரிசையில் நின்ற ஒரு மாணவி எல்லோருக்கும் கேட்கிற மாதிரி அவளைப் பார்த்துச் சொன்னாள். "ஏய், எங்கம்மா குரூப்பே ஒனக்காக உபவாசம் இருக்காங்களாம்லா. பைத்தியத்துக்கு இப்ப சாப்பாடு வேறயா?" சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

பிள்ளை பின்பக்கம் வந்தாள். உட்காரவில்லை. அழவும் இல்லை.

"ஒங்ககிட்ட மட்டுந்தானே ஆன்டி சொன்னேன்."

அவ்வளவுதான். திரும்பிப் போய்விட்டாள். மறுநாள் பள்ளிக்கு வரவில்லை. புதன்கிழமையும் வரவில்லை.

அவள் வீடு எங்கே என்று எனக்குத் தெரியாது. அந்த இரண்டு நாளில் மூன்று தடவை கவுன்சலிங் டீச்சரின் கதவு வரை போனேன். மூன்று தடவையும் திரும்பி வந்தேன். பிள்ளை எப்படி இருக்கிறாளோ என்று துடித்தேன். என் தப்பு வெளியே வந்துவிடுமே என்றும் பயந்தேன். இரண்டும் சேர்ந்தே இருந்தன. புதன்கிழமை குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் அழுதேன். "ஆண்டவரே, நான் கெடுத்துட்டேன். போய்ச் சொல்லலாம்னா எனக்குக் கால் வரமாட்டேங்குது. நீரே யாரையாவது அனுப்பும். அந்தப் பிள்ளைய விட்டுராதேயும்" என்று கேட்டேன்.

குழாயை மூடித் திரும்பினால், அந்த டீச்சரே குடித்த கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். பதினோரு வருடத்தில் ஆசிரியர் ஒருவர் சமையற்கட்டுக்குப் பின்னால் வந்து நான் பார்த்ததில்லை. நான் கதவு வரை வந்து வந்து போவதைக் கவனித்தாராம். என்ன விஷயம் என்று மெதுவாகக் கேட்டார். பாசாரில் சாமான் வாங்கப் பேசிப் பழகிய என் மலாயில், சோப்புக் கையோடு எல்லாவற்றையும் கொட்டினேன். ஜெபக்கூட்டத்தில் பெயரைச் சொன்னதையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். பிள்ளை என்ன சொன்னாளோ அதை அப்படியே சொல்லச் சொன்னார். நடந்துகொண்டே போன் போட்டார்.

பிள்ளையின் அம்மா பக்கத்து ஊரான மேருவில் ஒரு தொழிற்சாலையில் இரவு வேலை பார்க்கிறவர். அசந்து தூங்கிக்கொண்டிருந்திருக்கிறார். டீச்சர் விடாமல் போன் அடித்து எழுப்பி, பிள்ளையைத் தனியாக விட வேண்டாம் என்று சொல்லி, உடனே கிளம்பி அந்த வீட்டுக்கே போய்விட்டார். அன்றைக்கே மருத்துவமனையில் சேர்த்தார்கள். அம்மாவுக்கு ஒரு கடிதம் எழுதித் தலையணைக்கு அடியில் வைத்திருந்தாளாம். இன்னும் ஒரு நாள் நான் பேசாமல் இருந்திருந்தால்? இதற்கு மேல் யோசிக்க எனக்குத் தெம்பில்லை.

அடுத்த வியாழக்கிழமை கூட்டத்தில் என் தப்பை ஒத்துக்கொண்டேன். சிலருக்கு முகம் மாறியது. ஜெபம் கேட்டது ஒரு குற்றமா என்றார்கள். கூட்டம் நடத்துகிற அக்கா மட்டும், "கேட்டு வாங்குனது நான்தானே சிஸ்டர்" என்றார். குழுவில் இருந்ததை அழித்தார். மற்றவர்களையும் அழிக்கச் சொன்னார். இப்போதெல்லாம் நாங்கள் 'ஒரு பிள்ளைக்காக' என்று மட்டும் சொல்லி ஜெபிக்கிறோம். யார் என்று ஆண்டவருக்குத் தெரியும்.

பிள்ளை இரண்டு மாதம் கழித்துப் பள்ளிக்கு வந்தாள். மருந்து எடுக்கிறாள். வாரம் ஒரு தடவை டீச்சர் அறைக்குப் போகிறாள். கேலி செய்த மாணவியையும் டீச்சர் கூப்பிட்டுப் பேசினார். இப்போது பிள்ளை ஓய்வு நேரத்தில் தோழி ஒருத்தியோடு உட்கார்ந்து மீ நூடுல்ஸ் சாப்பிடுகிறாள். என் பக்கம் வந்து உட்காருவதில்லை. பார்த்தால் தலையசைப்பாள். அது போதும் எனக்கு. அதற்கு மேல் கேட்க எனக்கு உரிமை இல்லை.

அவளுக்குப் பிறகு இன்னொரு பிள்ளை அழுதுகொண்டு வந்தாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "டீச்சர்கிட்ட சேர்ந்தே போவோம்" என்றேன். அவள் டீச்சர் அறைக்குள் போனதும் வெளியில் நின்று ஜெபித்தேன். உங்களிடம் ஒரு பிள்ளை வந்து இப்படிச் சொன்னால், ஆண்டவரை நம்புங்கள். நம்பி, உதவி செய்யத் தெரிந்தவரிடம் அன்றைக்கே அழைத்துப் போங்கள். ஊருக்குச் சொல்லாதீர்கள்.

இதுவரை எழுதி முடித்ததும் அந்த முதல் பிள்ளையிடம் கொடுத்தேன். யாரெல்லாம் படிப்பார்கள் என்று கேட்டாள். சபையில் இருப்பவர்கள் என்றேன். நின்றபடியே முழுவதும் படித்தாள். என் பேனாவை வாங்கி இரண்டு வரியை அடித்தாள்.

"இது மட்டும் வேணாம் ஆன்டி. மத்தது போடலாம்."

அந்த இரண்டு வரியை விட்டுவிட்டுத்தான் உங்களுக்குக் கொடுத்திருக்கிறேன். அவளை உயிரோடு வைத்திருக்கிற ஆண்டவருக்கு நன்றி.